தாம்பரத்துச் சிக்கனக் காரும் அதன் ஃபீல்டிங் திறனும்: ஓர் ஆய்வு

வடக்கே பல்லாவரம், தெற்கே கூடுவாஞ்சேரி, கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். இந்த நான்கு எல்லைக்குள் வாழும் குடும்பங்கள் கார் தேர்ந்தெடுக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள். கருதுகோள் வருமாறு: இப்பகுதியில் சிக்கனமான கார் வாங்குவது போக்குவரத்து சார்ந்த செயல் அன்று, விளையாட்டு சார்ந்தது. முந்தைய ஆய்வாளர்கள் எவரும் இதைச் சுட்டிக்காட்டவில்லை. முந்தைய ஆய்வாளர்களே இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

முதற்சான்று மின்சார ரயிலில் கிடைக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்கக்கூடாது, சாதி கேட்கக்கூடாது. ஆனால் “ஸ்கோர் என்ன சார்?” என்று எவரும் எவரிடமும் கேட்கலாம். இந்த விதிவிலக்கைப் பெற்ற இன்னொரு கேள்வி “உங்க வண்டி எவ்ளோ சார் குடுக்குது?” இதற்கு வரும் பதிலில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். “சிட்டில பதினெட்டு, ஹைவேஸ்ல இருபத்திரண்டு.” மட்டையாளரின் சராசரியை உள்நாடு, வெளிநாடு என்று பிரித்துச் சொல்லும் மரபின் நேரடி வாரிசு இது. சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு எடுத்த மைலேஜையும் பரனூர் சுங்கச்சாவடிக்கு அப்பால் எடுத்த மைலேஜையும் ஒன்றாகக் கூட்டுவது, பந்து சுழலும் சேப்பாக்கத்து ரன்னையும் பந்து எகிறும் பெர்த் ரன்னையும் ஒரே தட்டில் வைக்கிற அநீதி என்பது நம்மவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

தசம எண்களின் மீதுள்ள பக்தியும் கிரிக்கெட்டிலிருந்தே வந்தது. டான் பிராட்மேன் 70 முறை அவுட்டாகி 6996 ரன் எடுத்ததால் 99.94 பிறந்தது. 2021-இல் வந்த செலெரியோ காருக்கு நிறுவனம் அறிவித்த அதிகபட்ச மைலேஜ் 26.68. இரண்டிலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்; எனவே இரண்டும் ஒரே அளவு புனிதம். பிராட்மேன் மைதானத்தில் இறங்கி ஆடினார் என்பதுதான் வேறுபாடு. காரின் எண் ஆய்வகத்துக்குள் எடுக்கப்படுவது. சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல, சுமார் இருபது நிமிடம், ஏசி அணைத்து, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். குறுக்கே எருமை வராது, ஷேர் ஆட்டோ நிற்காது, எதிர்த்திசையில் டூவீலர் வராது. வலைப்பயிற்சியில் அடித்த சதம் என்று இதைச் சொல்லலாம். பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஸ்கோர்கார்டில் சேர்க்கவும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனியாக ஒரு மூன்றாவது நடுவரை நியமித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற மாமா. ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துவைத்து, ஓட்டி, அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி வகுத்தலில் இறங்குவார். டாஷ்போர்டு காட்டும் எண்ணை அவர் ஏற்பதில்லை. பந்து ஸ்டம்பில் படுமா என்று கம்ப்யூட்டர் படம் வரைந்து காட்டுவதை நெடுங்காலம் ஏற்காதிருந்த நமது கிரிக்கெட் வாரியத்தின் பழைய உறுதி அவரிடம் இன்னமும் மிச்சமிருக்கிறது.

ஃபார்முலா ஒன் பார்க்கும் இளைஞர்கள் மாமாவை மதிப்பதில்லை. இது தவறு. 2019 முதல் 2025 வரை அந்தப் பந்தயத்தில் ஒரு காருக்கு அனுமதிக்கப்பட்ட எரிபொருள் 110 கிலோ; ஓட வேண்டியது சுமார் 305 கிலோமீட்டர். கிலோவை லிட்டராக்கினால் மைலேஜ் இரண்டு சொச்சம். இந்த எண்ணோடு தாம்பரத்தில் யாரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அங்கேயும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, வளைவு வருமுன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை மிதக்கவிடுகிறார்கள். பெருங்களத்தூர் மேம்பாலத்து இறக்கத்தில் மாமா செய்வதும் அதுவே. என்ன, அவர் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார். இன்றைய எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோலைத் தாமே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். மாமாவிடம் இதை விளக்கும் பொறுப்பை வேறு ஆய்வாளர்கள் ஏற்கவும்.

இனிக் கணக்கு. ஒரு மாடல் லிட்டருக்கு 20 தருகிறது, இன்னொன்று 25. இரண்டாவதன் விலை 80,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் போக மின்சார ரயில் இருக்கிறது. 1931-லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் அது ஓடுகிறது. கார் ஓடுவது கல்யாணம், திருப்பதி, மாமியார் வீடு. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் என்பதே தாராளம். முதல் காருக்கு 200 லிட்டர், இரண்டாவதற்கு 160. லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருடத்துக்கு 4,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 80,000 திரும்பிவர 20 ஆண்டு. ஆர்சியின் ஆயுளோ 15 ஆண்டு. பதினைந்தாவது ஓவரிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிற டி20 போட்டிக்கு இருபது ஓவர் திட்டம் போட்ட கேப்டனின் நிலை இது.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் யாரும் மனம் மாறுவதில்லை என்பதே ஆய்வின் திருப்புமுனை. சிக்கனம் பணத்துக்காக இல்லை, ஸ்கோருக்காக என்று அப்போதுதான் விளங்கியது. நமது கார் இருபத்தைந்து. எதிர்வீட்டுக் கார் இருபது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்படியானால் ஓடாத நாட்களில் கார் என்ன செய்கிறது? ஆட்டத்தில் இருக்கிறது. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் குறுக்குத்தெருக்களில் கவர் போர்த்தி நிற்கும் கார்தான் ஞாயிற்றுக்கிழமையின் நிரந்தர ஃபீல்டர். ஷார்ட் மிட்விக்கெட். தண்ணீர் இடைவேளை கேட்காது, காஜி வேண்டுமென்று சண்டை போடாது, பெட்ரோலும் குடிக்காது. காரில் பட்டால் அவுட். கண்ணாடியில் பட்டால் அவுட்டோடு ஆட்டமும் முடிந்தது, எல்லாரும் ஓட்டம்.

இந்த விதியைச் சில்லறை விஷயமாகக் கருதுவோர் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். கென்ட் அணியின் கான்டர்பரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு லிண்டன் மரம் நின்றது. 2005 ஜனவரியில் காற்றில் சாயும்வரை, பந்து அதில் பட்டால் 4 ரன். மரத்துக்கு நான்கு கொடுத்த ஆங்கிலேயர் பெருந்தன்மையானவர்களா, காருக்கு அவுட் கொடுக்கும் நாம் கண்டிப்பானவர்களா என்று விவாதிக்கலாம். மரத்துக்கு உரிமையாளர் பால்கனியில் நிற்பதில்லை என்பதை விவாதத்தில் மறந்துவிடக்கூடாது. விக்கெட் கீப்பருக்குப் பின்னால் ஃபீல்டிங் அணி வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் பேட்டிங் அணிக்கு 5 ரன் என்கிறது கிரிக்கெட் சட்டம். அந்தத் தர்க்கப்படி, ஃபீல்டிங் அணியிலுள்ள பையனின் அப்பா நிறுத்திய காரில் பட்டால் 5 ரன் தரவேண்டும். ராஜகீழ்ப்பாக்கம் இதை இன்னும் பரிசீலிக்கவில்லை.

இங்கேதான் சிக்கல் முளைக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதன்பிறகு கார் வாங்குகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாக கிரவுண்ட் கிளியரன்ஸ் கேட்கிறார்கள். 170 மில்லிமீட்டர் இருந்தால் மனம் சமாதானமடைகிறது. ஆனால் டென்னிஸ் பந்தின் விட்டம் 67 மில்லிமீட்டர்தான். வெள்ளத்துக்குத் தப்ப உயர்த்திய கார், தரையோடு வரும் ஒவ்வொரு பந்தையும் கால்களுக்கு நடுவே விட்டுவிடுகிறது. எஸ்யூவி நிற்கும் தெருக்களில் ஸ்கோர் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம். அடியில் போய் மறுபக்கம் வந்த பந்து காரில் பட்டதாகக் கொள்ளப்படுமா, அடியிலேயே சிக்கிக்கொண்டால் எத்தனை ரன் ஓடலாம், உரிமையாளர் அந்த நேரம் பார்த்து ரிவர்ஸ் எடுத்தால் டெட் பாலா என்பன தீர்க்கப்படாத வினாக்கள். தீர்ப்பளிக்கும் அதிகாரம் மரபுப்படி பேட்டுக்குச் சொந்தக்காரனிடம் இருக்கிறது. அவன் டியூஷன் போயிருக்கிறான்.