மின்சாரத்தைத் துண்டிக்கலாமா?

கேள்வி: ஒப்பந்தக் காலம் முடிந்தும் குடித்தனக்காரர் காலி செய்ய மறுக்கிறார். கோர்ட்டுக்குப் போக மனமில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் என்ன?
— வீட்டுக்காரர், பாவூர்சத்திரம்

பதில்: துண்டித்தால் இருட்டில் இருப்பவர் அவராயினும், விழிபிதுங்கி நிற்கப்போகிறவர் தாங்கள்தாம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றும் அந்தப் புராதன யுக்தியைத் திட்டவட்டமாக நிஷேதித்திருக்கிறது.

தங்கள் ஊர்க் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டிக்குப் பேரம் பேசுகையில் காட்டும் பொறுமையில் காற்பங்கைக் கொண்டு, பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடியும் நாளைத் தவணையாக வைத்து, பாக்கி வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சாவி வாங்கும்போதே தருவதாகச் சொல்லிப் பாருங்கள்; பெரும்பாலும் மனிதர் பிடிவாதம் பிடிப்பது வீட்டுக்காக அன்று, அந்த அட்வான்ஸுக்காகவே.

அதற்கும் மசியாவிட்டால், சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு. வழக்குத் தொடுக்குமுன்பே தகராறுகளை மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ள 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. கட்டணம் கிடையாது, இருவரும் சம்மதித்துக் கையொப்பமிட்டால் அது சிவில் கோர்ட்டின் தீர்ப்புக்குச் சமானம், அப்பீலும் இல்லை. சம்மதம் கிட்டாவிடில் வாடகை நீதிமன்றமே கதி.

புறப்படுமுன் ஒன்று: எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையேல், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கலாகாது என்கிறது அதே வாடகைச் சட்டம். தாங்கள் எத்தனை மாதம் வாங்கினீர்கள்?