சொந்தக் காசுல ஒரு துண்டு

ஏண்டா பேராண்டி, கொய்யா எலையை மென்னுட்டு வந்து நின்னா தாத்தனுக்கு மூக்கு செத்துப்போயிருமா? தண்ணிப் பீலிக்குப் பின்னால நாலு பேரு குந்தியிருக்கீங்க. மேல பொக எழும்புது. அங்க என்ன, பொங்கலா வைக்கிறீங்க?

பயப்படாத, அடிக்க மாட்டேன். ஒரு சந்தேகம் கேக்கத்தான் கூப்பிட்டேன். மொத இழுப்புல இருமல் வந்துச்சா இல்லியா? கண்ணுல தண்ணி கொட்டுச்சா? தல சுத்துச்சா? ஒடம்பு வேண்டாம்னு கத்துது. நீ அதைப் பாத்து, சும்மா கெட, பயலுக பாக்குறானுகன்னு அதட்டுற. கொழும்புல கடையில நிக்கிற அண்ணன்மாரு தீவாளிக்கு வந்தானுக. முடியில செம்பட்டச் சாயம், காதுல கடுக்கன், வாயில சிகரெட்டு. அதைப் பாத்ததுல இருந்து ஒனக்கு மீசை மொளைக்கிற வரைக்கும் பொறுமையில்ல. பொகையிலயே வரஞ்சுக்கலாம்னு பாக்குற.

ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் புடிச்சாரேங்கிற. புடிச்சாரு, நானும் பாத்தேன். அந்த மனுசனே 2023ல மேடையில நின்னு, குடியும் சிகரெட்டுமாக் கெடந்த என்னய மாத்துனது எம் பொஞ்சாதிதான்னு சொல்லிட்டாரே, அது காதுல விழலியா? ஸ்டைலு மட்டும் வேணும், சேதி வேணாமாக்கும்.

துண்டுன்னா என்னான்னு தெரியுமாடா? தோள்ல போடுறது இல்ல. அந்தக் காலத்துக் கங்காணி இந்தியாவுல தோட்டத்துக்கு ஆள் புடிக்கும்போது கையில கொஞ்சம் அட்வான்ஸ் குடுப்பான். வாங்குறவனுக்குச் சந்தோசம். வழிச்செலவு, கம்பிளி, அரிசின்னு அதுமேல கணக்கு ஏறும். அந்தக் கடன் எம்புட்டுன்னு எழுதுன சீட்டுதான் துண்டு. இந்தத் தோட்டம் புடிக்கலைன்னு அடுத்த தோட்டத்துக்குப் போனாலும் கடன் பின்னாடியே வரும். புதுத் துரை கடனைக் கட்டி ஆளை எடுப்பாரு, அப்புறம் அவருக்கு ஒழைக்கணும். 1921ல சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க.

ஒழிஞ்சதை நீ திரும்பக் கொண்டாந்துட்ட. மொத சிகரெட்டுக்குக் காசு குடுத்தியா? இல்லியே, கூட்டாளி ஓசியில குடுத்தான். அதுதாண்டா அட்வான்ஸ். அதுல இருக்கிற நிக்கொட்டின் இழுத்த சில நொடியில மூளைக்குப் போயிருது. ஒன் மூளை இன்னும் வேலை முடியாத கட்டடம். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அது வளருதுன்னு டொக்டருங்க சொல்றாங்க. வளர்ற மூளையில இது சுருக்கா வேரு விட்டுரும். பெருசுகளுக்குப் புடிக்கிறதை விட பொடியன்களுக்கு வெரசாப் புடிக்கும். அப்புறம் காலையில எந்திரிச்சதும் கை தன்னால தேடும். தேடுறது நீயா, கணக்கு வாங்க வந்த கங்காணியா?

கணக்கு எங்க போய்ச் சேருதுன்னு பாரு. இந்த நாட்டுல சட்டப்படி சிகரெட்டு செய்யிறது சிலோன் டொபாக்கோ ஒண்ணுதான். அதுல பெரும்பங்கு லண்டன்ல இருக்கிற பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கையில. வெள்ளக்காரக் கம்பனிகிட்ட இருந்து 1975ல அரசாங்கம் தோட்டத்தை எடுத்துச்சு. அப்பாடான்னு இருந்தோம். நீ அவுக ஊருக்குத் தெனம் பணம் அனுப்புற. தாத்தனாவது கூலி வாங்கிட்டு ஒழைச்சான். நீ கூலியும் குடுத்து ஒழைக்கிற! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்.

கணக்குத் தெரியாதவனா நீ? 2024ல தோட்டத்து அடிப்படைச் சம்பளம் 1,350 ரூவான்னாங்க. நல்ல சிகரெட்டு ஒண்ணு நூறு ரூவாவுக்கு மேல. பத்துக் குச்சி ஊதுனா ஒங்க ஆத்தா ஒரு நாள் மலையில அட்டைக்கடியோட எடுத்த சம்பளத்துல மிச்சம் என்ன? தேத்தண்ணிக்குச் சீனி வாங்கலாம்.

ஒன் வயசுக்கு அதை விக்கவே கூடாது. 2006ல வந்த சட்டம், இருபத்தொரு வயசு ஆகணும்னு சொல்லுது. கடைக்காரரு ஒன் மொகத்துல இருபத்தொண்ணைக் கண்டாரா? பெட்டியில எம்பது சதவீதம் படம் போடணும்னும் சட்டம் இருக்கு. அழுகுன வாயி, கருகுன நொரையீரல். ஆனா நீ பெட்டியா வாங்குற? சில்லறையா ஒத்தக் குச்சி வாங்குற. படத்தைப் பாக்குறது பெட்டியைத் தொறக்கிற கடைக்காரரு மட்டும். பயந்து விட்டா அவருதான் விடணும்.

அப்புறம் பேனா மாதிரி ஒரு சாமான் வச்சிருந்தானே ஒன் கூட்டாளி. மாம்பழ வாசமாம். சார்ஜ் போடணுமாம். பொகைக்குக் கரண்ட் பில்லு கட்டுற காலத்தையும் பாத்துட்டேன்டா சாமி! 2016லயே இங்க அதுக்குத் தடை. மாம்பழ வாசத்துக்குள்ள இருக்கிறதும் அதே நிக்கொட்டின்தான். மாம்பழம் வேணும்னா வெல்லவாயப் பக்கம் எறங்கு, கூடையா வாங்கலாம்.

பெருசுக மட்டும் பொயல போடலியான்னு மொறைக்கிற. போட்டாங்க. இலங்கையில ஆம்பளைகளுக்கு வர்ற புத்துநோயில முன்னால நிக்கிறது வாய்ப்புத்துநோய். பாக்கும் பொயலையும் சேந்து குடுத்த சீதனம். மஹரகம புத்துநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுனவங்க நம்ம லயத்துல இல்லியா? வாய் தொறக்க முடியாம கஞ்சியை உறிஞ்சுனவங்களை நீ பாக்கலியா? அவுகளைக் காட்டி நீ ஊதுறது கொள்ளிக்கட்டையால தலையச் சொறியிற கதை.

புத்துநோய் வர நாளாகும், அப்ப பாத்துக்கலாம்னு நெனைக்கிற. சரி, இன்னிக்கு வர்றதைச் சொல்லவா? பொகையில ஒரு நச்சு வாயு, காபன் மொனொக்சைட்டாம். ரத்தத்துல ஒக்சிசன் குந்துற எடத்துல அது குந்திக்கும். வளர்ற வயசுல ஊதுனா நொரையீரல் வளர வேண்டிய அளவுக்கு வளராது. போன வாரம் கோயில் ஏத்தத்துல ஏறும்போது பாத்தேன். ஒங்க ஆத்தா கொழுந்துச் சாக்கோட முன்னால போகுது. நீ வெறுங்கையோட பின்னால இளைக்கிற. ஆம்பளை யாரு அங்க?

ஒரே ஒரு எடத்துல வெளையாட்டை விட்டுப் பேசுறேன். நம்ம மீரியபெத்த மலை 2014 ஒக்டோபர் 29ல சரிஞ்சுச்சு. 2005லயும் 2011லயும் எச்சரிக்கை வந்த எடம்தான். எச்சரிக்கை வந்துச்சு, போறதுக்கு வீடு வரல. லயத்து சனம் எங்கடா போவும்? ஒன் இருமலும் எச்சரிக்கைதான். ஆனா இதுக்கு யாருகிட்டயும் காணி கேட்டு நிக்க வேண்டாம், நீ எந்திரிச்சு நடந்தாப் போதும்.

தனியா முடியலைன்னா ஒரு நம்பர் இருக்கு: 1948. பொகையை விட நெனைக்கிறவங்களுக்கு அரசாங்கம் வச்சிருக்கு. அந்த நம்பரைக் கேட்டாலே எங்க ஆளுகளுக்கு வயிறு கலங்கும். நம்ம பிரஜாவுரிமையப் பறிச்ச சட்டம் வந்த வருசம்ல! எந்த மகராசன் எடுத்துக் குடுத்தானோ. அதே நம்பர்ல இப்ப எதையோ திருப்பித் தர்றேங்கிறாங்க, விடாத, அடிச்சுக் கேளு. போனுல ரீலோட் இல்லைன்னு மட்டும் சொல்லாத. சட்டைப் பையில இருக்கிற ரெண்டு குச்சியை வாங்காம இருந்திருந்தா ஒரு மாசத்துக்குப் பேசலாம்டா.