எட்டு பாரைத் தாண்டுவது எப்படி?

கே: லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்து பழகுகிறேன். வாரம் ஒரு புதுப் பாட்டு முடிக்க ஆசை. எட்டு பார் லூப்பைத் தாண்டவே முடியவில்லையே!

ப: எட்டு பார் லூப் கேட்க அவ்வளவு சுகம், ஆபத்தே அதுதான். சேர்ப்பதை நிறுத்திவிட்டு எடுக்க ஆரம்பியுங்கள். லூப்பை மூன்று நிமிடத்துக்கு நீட்டுங்கள். தொடக்கத்தில் கிக் வேண்டாம், நடுவில் பேஸ் வேண்டாம். எட்டு பார் கழித்து அதே கிக் திரும்பி வரும்போது புதுசாக இடிக்கும். பாட்டுக்கு உருவம் வந்துவிட்டது!

கெடுவும் வேண்டும். அமெரிக்காவின் மார்க் வைடன்பாம் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘டிஸ்கொயட் ஜுண்டோ’ என்ற இணைய இசைக் குழுவில் வியாழக்கிழமைதோறும் ஒரு வேலை தருவார்கள், திங்களுக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலை என்ன தெரியுமா? கண்ணாடி டம்ளரில் ஐஸ்கட்டி எழுப்பும் சத்தத்தைப் பதிந்து, அதை இசையாக்குவது! நீங்களும் செய்து பாருங்கள். அந்த ‘கிளிங்’கைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஒரு ஸ்தாயி இறங்கி மணியோசை போல நீளும். ஆயிரம் ப்ரீசெட்டைப் புரட்டியே வாரத்தைத் தொலைப்பவர்களுக்கு ஒற்றை டம்ளர் பெரிய விடுதலை.

மிக்ஸிங்குக்கு ஒரு மணி நேரம் போதும். போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். பேஸ் காணாமல் போனால் துளி டிஸ்டார்ஷன் சேருங்கள். மேல் ஸ்வரங்கள் முளைத்து அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு தயங்காமல் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஸ்நேர் சரியில்லையா? அடுத்த வாரப் பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.