கடைசியாக வாங்கியவர் கட்டுவார்

ஒரு வீடு ஒரு லட்சம் யென். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்து எச்சிகோ யுசாவாவில், 1980களின் பனிச்சறுக்கு மோகத்தில் எழும்பிய அடுக்ககங்களில் இந்த விலைக்கும் வீடு விற்றிருக்கிறது. பொது வெந்நீர்க் குளம் உண்டு, மலைக்காட்சி உண்டு. என்ன தாராள மனம் என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கும்பிட்டு முடித்ததும் சட்டத்தைப் படியுங்கள். பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பராமரிப்புக் கட்டணமும் பழுதுபார்ப்பு நிதியும், அடுக்ககங்களுக்கான பிரிவுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, வாங்குகிறவர் தலையில் வந்து விழும். யானை இனாம்; அது தின்ற தீனிக்கான பாக்கி மட்டும் உங்கள் பெயரில்.

டோக்கியோவில் இதே கூத்து கொஞ்சம் நாகரிகமாக நடக்கிறது. வெள்ளைச் சுவர், புதுச் சமையலறை, 'முழுப் புதுப்பிப்பு' என்று விளம்பரம். தரைக்கடியில் கிடக்கும் 1970களின் கழிவுநீர்க் குழாய்க்கு யார் வெள்ளையடிப்பது? பல பழைய கட்டடங்களில் அது கீழ்வீட்டுக்காரரின் உட்கூரைக்குள் ஓடுகிறது. அது ஒழுகும் நாளில் அக்கம்பக்கத்து அறிமுகம் தானாகக் கிடைத்துவிடும்.

நிலநடுக்கம்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது, காகிதத்தில். 1981 ஜூன் 1 முதல் புதிய நிலநடுக்க விதிகள் வந்தன. அதற்கு முன் கட்டட அனுமதி பெற்றவை பழைய ரகம். 1982இல் கட்டி முடித்திருந்தாலும் பழைய ரகமாக இருக்கலாம். அப்படிப்பட்ட கட்டடத்தில் தாங்குதிறன் சோதனை நடந்திருந்தால் தரகர் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். நடக்கவில்லையா? 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதினால் கடமை தீர்ந்தது. சோதித்தால் உண்மை தெரியும், தெரிந்தால் விலை விழும். 1995 நிலநடுக்கத்தில் கோபே நகரம் சரிந்ததைக் கண்ணால் பார்த்த நாட்டில் இப்படியொரு சட்டம்!

இந்த நாடகத்தின் முதல் காட்சியை எழுதியவர்கள் கட்டுமான நிறுவனத்தார். புது வீடு விற்கும்போது மாதச் செலவு அழகாகத் தெரிய வேண்டுமே! அதனால் பழுதுபார்ப்பு நிதியை அடிமட்டத்தில் வைத்து, 'படிப்படியாக உயரும்' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். படி ஏற வேண்டிய நேரத்தில் குடியிருப்பவர்களில் பலர் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள். 2023இல் ஜப்பானிய அரசே எடுத்த கணக்கெடுப்பில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அடுக்ககங்களின் நிதி திட்டமிட்ட அளவுக்குக் கீழே கிடந்தது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்பீர்கள். ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும் என்றது சட்டம். சில நிலைகளில் நான்கில் மூன்று போதும் என்று 2025இல்தான் திருத்தினார்கள். நாற்பது வயது கடந்த அடுக்கக வீடுகள் பத்து லட்சத்துக்கு மேல். 2024 வரை நாடு முழுவதும் மறுகட்டுமானம் முடிந்த அடுக்ககங்கள் முந்நூறைத் தொடவில்லை. டோக்கியோவில் 1972இல் எழும்பி உலகமே மெச்சிய நக்காகின் கேப்சூல் கோபுரத்தில் அறைகளை 25 ஆண்டுக்கொருமுறை மாற்றுவதாக வடிவமைப்பாளர் குரோகாவா கிஷோ திட்டம் போட்டார். ஒன்றைக்கூட மாற்றவில்லை, 2022இல் பிரித்துப் போட்டார்கள். ஷிகா மாகாணத்து யாசு நகரில் ஒன்பதே வீடுகள் கொண்ட கட்டடம் பாழடைந்து நின்றது. 2020இல் நகராட்சியே இடித்தது. செலவு பதினோரு கோடி யென்னுக்கு மேல்.

முதலீட்டாளர்களே, விளம்பரத்தில் மினுக்கும் லாப விகிதத்தில் இந்தச் செலவு எதையும் கழித்திருக்க மாட்டார்கள். நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், பொதுக்கூட்டக் குறிப்பேடு, பாக்கிக் கணக்கு, நிலநடுக்கச் சோதனை அறிக்கை: நான்கையும் கேளுங்கள். ஒன்று இல்லையென்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். கட்டியவன் லாபத்தோடு போனான், தரகன் கமிஷனோடு போனான், அரசு வரியோடு போனது. எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் சோதனையைக் கட்டாயமாக்காத, நிதியை அடிமட்டத்தில் வைத்ததற்குக் கட்டியவனைப் பொறுப்பேற்கச் சொல்லாத சட்டத்துக்கு வீட்டுவசதிக் கொள்கை என்று பெயர் வைப்பது மோசடி.