பொத்தான் இல்லாத இருட்டு

ஸ்வீடனின் சாப் கார்களுக்கு விமானப் பரம்பரை என்றொரு பெருமை உண்டு. தாய்க் கம்பெனி போர் விமானம் செய்தது. அந்தக் குலப் பெருமைக்கு அடையாளமாக டேஷ்போர்டில் 'நைட் பேனல்' பொத்தான். இரவில் அழுத்தினால் வேகமானி தவிர மற்ற வெளிச்சமெல்லாம் அணைந்துவிடும், கண் கூசாது.

1997-ல் வந்த 9-5 மாடலுக்கு வயதானதும், தகவல் திரையில் இந்தச் சேவை பொத்தான் இல்லாமலே பட்டப்பகலிலும் கிடைக்கத் தொடங்கியது. முதலில் ஒரு வரிசைப் புள்ளிகள் காணாமல் போகும், பிறகு பக்கத்து வரிசை. மீதமிருக்கும் பெட்ரோல் 380 கிலோமீட்டருக்கா, 330-க்கா? ஓட்டுபவர் ஜோசியம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எச்சரிக்கைச் செய்தியும் வரும், பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு.

திரைக்குள் விளக்கு, சில்லு எல்லாம் திடமாக இருக்கும். திரையையும் சர்க்யூட் போர்டையும் சேர்க்கும் மெல்லிய ரிப்பன் கேபிள்தான் கைவிட்டிருக்கும். அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. சூடுகாட்டிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். விமானப் பரம்பரையின் மானம் ஒரு பசையில் தொங்கியது!

கேட்கப் போனால் கார்க் கம்பெனி இல்லை. 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. உடைப்புக் கடையில் பழைய திரை கிடைக்கும். அதுவும் அதே பசை, அதே வயசு. ஆகவே புது கேபிளைச் சூட்டு முனையால் அழுத்தி ஒட்டித் தருபவரிடம் கொடுங்கள். ரப்பர் துண்டு செருகி அழுத்தி வைக்கிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.