பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிடே, மக்கா

டே மக்கா, அந்தக் கிளாஸைக் கொஞ்சம் கீழ வையி. எவ்வளவு நேரமாட்டு மோந்து பாத்துக்கிட்டே இருப்ப? திருவனந்தபுரம் தம்பானூர் மாஞ்ஞாலிக்குளம் ரோட்டு லாட்ஜுகள்ல சாவிக் கொத்தோட அலைஞ்சே என் ஆயுசு பாதி போச்சு. கதவத் தாழ் போட்டுக் குடிச்சவன், கதவத் திறந்து போட்டுக் குடிச்சவன், கதவு எங்கின இருக்குன்னே தெரியாமக் குடிச்சவன், எல்லாரையும் பாத்தாச்சு. கண்ணை மூடிக்கிட்டு "தேன் வருது, வெண்ணிலா வருது, பழைய தோல் வாசனை வருது"ன்னு சொன்னவனை இப்பதாம்டே பாக்கேன். தோல் வாசனைக்கு எதுக்கு இவ்வளவு செலவு? சாலைக் கம்போளத்துச் செருப்புக் கடை வாசல்ல சும்மா நின்னாப் போதுமே?

பாரம்பரியம்ன்னு வேற சொல்லுக. 1826-ல இருந்து வர்ற விஸ்கின்னு பெருமை பேசுக. செரி, அந்தக் கதையைக் கேளு. 1826-ல ஆங்கஸ் மக்டவல்ன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மதராஸ்ல கம்பெனி தொடங்கினார். இங்கின இருந்த வெள்ளக்காரனுக்கு சாராயமும் சுருட்டும் விக்கிற யாவாரம். 1951-ல விட்டல் மல்லையா அதை வாங்கினார். 1959-ல முதல் ஆலை வச்சது எங்கின தெரியுமா? ஸ்காட்லாந்து மலையடிவாரத்துல இல்ல. நம்ம சேர்த்தலையில! ஆலப்புழை வழியாப் போற வண்டியில ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா வந்துரும். நீ மோந்து பாக்கிற மக்டவல் நம்பர் ஒன் விஸ்கி கடைக்கு வந்தது 1968-ல. மக்டவலுக்கும் உன் கிளாஸுக்கும் நடுவில 142 வருஷம் கெடக்கு. அந்த மனுசன் இதுல ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. பொறவு 2014-ல லண்டன் டியாஜியோ கம்பெனி பெரும்பங்கை வாங்கிட்டு. வெள்ளக்காரன் மதராஸ்ல போட்ட கடை, சுத்திச் சுத்தி வெள்ளக்காரன் கைக்கே போயிட்டு பாத்துக்கோ.

உள்ள என்ன இருக்குன்னு எப்பவாவது கேட்டியா? நம்ம நாட்டுக் கலவை விஸ்கிக்கு ரொம்பக் காலமா அடிச்சரக்கு மொலாசஸ்தான். கரும்பாலையில சர்க்கரை எடுத்த பொறவு மிஞ்சுதே, அந்தக் கருப்புப் பாகு. அதைப் புளிக்க வச்சு, மணம் குணம் ஒண்ணுமே மிஞ்சாமப் போற வரைக்கும் காய்ச்சி, 96 சதவீத ஸ்பிரிட்டா எடுப்பானுவ. இப்ப தானியத்துல இருந்தும் எடுக்கானுவ. அதுல கொஞ்சம் பார்லி மால்ட் விஸ்கி, கப்பல்ல வந்த ஸ்காட்ச் கொஞ்சம், நிறத்துக்குக் கருக்கின சர்க்கரை, உப்பெல்லாம் நீக்கின தண்ணி. கடைசியில 42.8 சதவீதத்துல நிறுத்துவானுவ. கொஞ்சம்ன்னா எவ்வளவு? பாட்டிலைத் திருப்பித் தேடு, கெடைச்சா எனக்கும் சொல்லு. பால்காரன் தண்ணி ஊத்தினா முற்றத்துல நின்னு சண்டை போடுத. இவன் ஊத்தினா மாஸ்டர் பிளெண்டர்ன்னு கையெடுத்துக் கும்பிடுத.

கரும்பு வாசனை வருதுன்னு நீ சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிடுவேன். அதையுமில்லா காய்ச்சி வெளியேத்திட்டானுவ!

திருவல்லாவில சர்க்காரே ஜவான் ரம் போடுது. அதுவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான், மொலாசஸ் வீட்டு வாரிசு. அதை வாங்கிட்டுப் போறவன் எவனாவது வெளக்கு வெளிச்சத்துல பிடிச்சு நிறம் பாக்கானா? பையில போட்டுக்கிட்டு அவன் சோலியப் பாத்துப் போறான்.

"அப்ப ஸ்காட்ச்சுதான் அசல், தாத்தா"ன்னு சொல்லுவ. எனக்குத் தெரியும், அதையும் சொல்லுவ. அதுவும் மளிகைக் கடைச் சரக்குதாம்டே. ஜானி வாக்கர் யாரு? கில்மார்னக்ல பலசரக்குக் கடை வச்சிருந்த மனுசன். 1830-ல ஈனியஸ் காஃபின்னு ஒருத்தன், அதுவும் பழைய கலால் அதிகாரி, நிக்காம ஓடுற காய்ச்சுக் கோபுரத்துக்குக் காப்புரிமை வாங்கினான். அதுல தானிய ஸ்பிரிட் சல்லிசா வந்து கொட்டிச்சு. 1853-ல எடின்பரோ ஆண்ட்ரூ அஷர் பல வயசு மால்ட்டுகளைக் கலந்து வித்தாரு. 1860-ல சட்டம் வழிவிட்டதும் மால்ட்டும் தானிய ஸ்பிரிட்டும் ஒரே பீப்பாயில குடியேறிச்சு.

இதுக்கு மேலதான் ரசம். 1906-ல லண்டன் கோர்ட்டு ஒண்ணு, இந்தத் தானிய ஸ்பிரிட்டை விஸ்கின்னு விக்கிறது தப்புன்னு கடைக்காரனைத் தண்டிச்சுப் போட்டு. நீ இன்னைக்குக் கும்பிடுற சாமி, அன்னைக்குக் கலப்படக் கேஸு! விஸ்கின்னா என்னன்னு முடிவு பண்ண அரசாங்கம் 1908-ல ஒரு ராயல் கமிஷனே போட்டு. 1909-ல அது "எல்லாம் விஸ்கிதான், போங்க"ன்னு சொல்லிட்டு. மூணு வருஷம் பீப்பாயில கெடக்கணும்ங்கிற விதிகூட முதல் உலகப் போர் சமயத்துல வந்ததுதான். அதுக்கு முன்னால நேத்துக் காய்ச்சினதை இன்னைக்கு வித்தாலும் கேக்க ஆளில்ல.

அந்தப் பலசரக்குக்காரன் பேரப்பிள்ளைதான் இப்ப நம்மளப் பாத்து மூக்கைச் சுளிக்கான். மொலாசஸ்ல செஞ்சதை ஐரோப்பாவில விஸ்கின்னு விக்க முடியாது. நம்ம சட்டம் விட்டுக்கொடுக்கு. யாரு அசல்? எவன் கமிஷன்ல ஜெயிச்சானோ அவன் அசல்.

வயசு விசயத்துல மட்டும் நம்ம வெயிலு கொஞ்சம் விளையாடிப் போட்டு. ஸ்காட்லாந்துல பீப்பாயில இருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாப் போவும். பெங்களூர்ல 10 சதவீதத்துக்கு மேல போவுது. அங்கின இருக்கிற அம்ருத் கம்பெனிக்காரன் அதோடயே மல்லுக்கட்டி, சுத்தமான பார்லி மால்ட் செஞ்சு, 2004-ல கிளாஸ்கோவுக்கே கொண்டு போய் வித்தான். அது ஆம்பளைத்தனம், கொள்ளாம். இங்கின பன்னிரண்டு வருஷம் பீப்பாயைப் பூட்டி வச்சா, திறக்கும்போது பாதிக்கு மேல காணாமப் போயிருக்கும்.

சரக்குக் கலக்குற பிளெண்டரை நான் பழிக்கல்ல, கேட்டியா. அவன் சோலி லேசுப்பட்டதில்ல. சரக்குல தண்ணி விட்டு 20 சதவீதத்துக்கு இறக்கி, மூக்காலதான் பாப்பான். முழுங்கினா மத்தியானத்துக்கு மேல வேலை ஓடாதே. கரும்பு மாறும், பார்லி மாறும், மழை மாறும். ஆனாலும் போன வருஷ பாட்டிலும் இந்த வருஷ பாட்டிலும் ஒண்ணுபோல இருக்கணும். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். நீயோ ஒவ்வொரு மடக்குலயும் புதுசா ஒரு பழம் கண்டுபிடிக்க. அவன் கேட்டா வேலையை விட்டுருவான்டே.

டிவியில என்ன காட்டுகான்? கூட்டாளிகள் கட்டிப்பிடிச்சுப் பாடுகானுவ. விளம்பரம் என்னமோ சோடாவுக்காம்! சாராய விளம்பரத்துக்குத் தடை, அதனால சோடா. சோடாவுக்கு எவன்டே அப்படிக் கட்டிப்பிடிப்பான்?

இன்னொண்ணு. பெவ்கோங்கிற சர்க்கார் சாராயக் கடையில நீ கொடுத்த காசுல பெரும்பங்கு வரி. நாக்குல நீண்ட நேரம் நிக்கிதுன்னு ஒரு பினிஷ் சொன்னியே, அதுல முக்காவாசி கஜானாவிலதான் நிக்கிது. அப்புறம், இன்னைக்கு முப்பத்தொண்ணு. நாளைக்கு ஒண்ணாந்தேதி, ஒண்ணாந்தேதின்னாலே கடை கெடையாது. இன்னும் மோந்துக்கிட்டே இருந்தா வரிசையில கடைசி ஆளு நீதான். செரி, அந்தக் கப்பலண்டியை இங்கிட்டுத் தள்ளு.