மணல் எந்தக் கட்சி?

காவிரியில் தண்ணீர் வந்தால் திருச்சியில் எல்லோரும் பொதுப்பணித்துறை. இந்த வாரமும் ஆரம்பித்துவிட்டார்கள். சத்திரம் பேருந்து நிலையம் முதல் அம்மாமண்டபம் வரை, முக்கொம்பு ஏன் உடைந்தது என்ற அதே பழைய பஞ்சாயத்து. இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சில நாள் முன்னால்தான் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்திருந்தன. ஆண்ட அ.தி.மு.க., 1836-இல் கட்டிய அணைக்கு வயதாகிவிட்டது, மணல் காரணமில்லை என்றது. எதிரே இருந்த தி.மு.க., மணல் கொள்ளைதான் என்றது. மணலை அள்ளினால் படுகை இறங்கும், வெள்ளம் அஸ்திவாரத்தின் அடியில் புகுந்து அரிக்கும். பழைய கட்டடமென்றால் இன்னும் சுலபமாக அரிக்கும். ஆக, இரண்டுமே காரணமாக இருக்கலாம். ‘இரண்டுமே’ என்னும் கட்சிக்குத்தான் திருச்சியில் கிளையே இல்லை.

2021 மே மாதம் ஆட்சி மாறியது, மணலும் மாறியது. அதுவரை அணையை உடைத்துக்கொண்டிருந்த மணல், ஏழை வீடு கட்டக் கேட்கும் மணலாயிற்று. அதுவரை சும்மா கிடந்த மணலோ ஒரே ராத்திரியில் காவிரித் தாயின் மடியாயிற்று. அதே லாரி, அதே பொக்லைன், அதே தார்ப்பாய். மணலிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதோ என்னவோ. கட்சி மாறும்போது பொதுக்குழுவைக் கூட்டுமா, பொன்னாடை போர்த்திக்கொள்ளுமா, கரைவேட்டியைக் கொள்ளிடத்திலேயே அலசிக்கொள்ளுமா? எம்.சாண்ட் சுயேச்சையா, கூட்டணியா? 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்து உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தபோது 2018-இன் வசனங்கள் அப்படியே திரும்ப வந்தன, பேசிய வாய்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

‘பாமர ஜனம், விவரம் தெரிந்தால் இப்படிப் பேசாது’ என்பார்கள். விவரம் தெரிந்தவர்தான் மோசம். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2013-இல் ஓர் எண் அட்டவணையைச் சிலரிடம் தோல் களிம்பின் பலன் என்றும், சிலரிடம் துப்பாக்கித் தடையின் பலன் என்றும் கொடுத்தது. களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகவே போட்டார்கள். துப்பாக்கி என்றதும் அந்தக் கெட்டிக்காரர்களிடம்தான் கட்சிப் பிளவு மிக அதிகம். படிப்பு விடையைத் திருத்தவில்லை, வேண்டிய விடைக்கு வக்காலத்து வாங்கியது. நம்மூர் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கன அடிக் கணக்கோடு கூச்சல் போடுவது ஏன் என்று இப்போது புரிகிறது.

‘தகவலில் சறுக்கலாம், கொள்கையில் உறுதி’ என்று அடுத்த சமாதானம். 2023-இல் மணல் விவகாரத்தில் அமலாக்கத்துறை திருச்சி உள்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் அனுப்பியது. மாநில உரிமை என்ன ஆவது என்று ஒரு தரப்பு, வளத்தைக் காப்பது யார் என்று மறு தரப்பு. இரண்டும் நல்ல கேள்விகள். சம்மன் யாருடைய ஆட்சியில் வந்தது என்பதை மறைத்துவிட்டு, எது பெரிய கொள்கை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, முதலில் ‘எந்த ஆட்சி?’ என்ற கேள்விதான் வரும்.

அந்தத் தீர்வா? நடுநிலையாளர்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ‘எல்லாருமே திருடனுங்க’ என்பதும் ஒரு கட்சிதான், அதற்கு 1836-உம் வேண்டாம், 2018-உம் வேண்டாம். கட்சிக்காரனாவது தன் பொய்க்கு ஆதாரம் தேடி அலைகிறான். நடுநிலையாளரோ டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.